டஸ்கீகிக்குப் பின்: மறுத்தவர்களா, அழைக்கப்படாதவர்களா?

அமெரிக்கக் கறுப்பின மக்கள் மருத்துவ ஆய்வுகளில் குறைவாகப் பங்கேற்பதற்கு டஸ்கீகி ஆய்வே காரணம் என்ற விளக்கம் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. அலபாமாவின் மேக்கன் கவுன்டியில் மேகநோய் கண்ட கறுப்பின ஆண்களை, உண்மையைச் சொல்லாமலும் சிகிச்சை தராமலும், அரசு மருத்துவர்கள் 40 ஆண்டுகள் கவனித்துவந்த ஆய்வு அது. அந்த விளக்கத்துக்குப் பலமாகக் காட்டப்படுவது, பொருளியலாளர்கள் மார்செலா அல்சனும் மரியான் வானமேக்கரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு. 1972 ஜூலையில் உண்மை அம்பலமான பின், மேக்கன் கவுன்டிக்கு அருகில் வாழ்ந்த மூத்த கறுப்பின ஆண்கள் மருத்துவரை நாடுவது குறைந்தது, இறப்பு கூடியது என்கிறார்கள் இருவரும். 45 வயதில் எஞ்சியிருந்த ஆயுள் ஒன்றரை ஆண்டு வரை சுருங்கியது என்பது அவர்கள் கணக்கு. கணக்கின் நேர்த்தியை மறுப்பதற்கில்லை. ஆனால் அது அளப்பது மருத்துவமனைக்குப் போகும் பழக்கத்தை. ஆய்வுக்கு ஒப்புவது வேறு செயல். முன்னதை வைத்துப் பின்னதை நிறுவிவிட முடியாது. 1972ஐ மையமாக வைக்கும் இந்த வாசிப்பில் அதற்கு முந்தைய 40 ஆண்டுகளும் மங்கிவிடுகின்றன. அச்சத்தின் வேர் அடிமைமுறைக் காலம் வரை செல்வதை மருத்துவ வரலாற்றாசிரியர் வனெசா நார்த்திங்டன் கேம்பிள் 1997லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆனால் அந்த 40 ஆண்டுகளுக்குள் நான் தேடுவது அச்சத்தை அல்ல, மக்கள் வைத்திருந்த நம்பிக்கையை.

அதற்கான சான்று, மேக்கன் கவுன்டி சுகாதாரத் துறையின் பெயரில் ஆய்வில் இருந்த ஆண்களுக்குப் போன ஒரு கடிதம். அதில் தேதி இல்லை. கடிதம் அவர்களை அழைத்தது முதுகுத்தண்டு நீர் எடுக்க; அது நடந்தது 1933இல் என்பதால் அவ்வாண்டினது எனக் கொள்ளலாம். அதற்கு மேல் துணிய இடமில்லை. முன்பு நடந்த பரிசோதனையைக் கடிதம் நினைவூட்டுகிறது. ஊரார் வழங்கிய ‘கெட்ட ரத்தம்’ என்ற பெயராலேயே நோயைக் குறிக்கிறது. சிறப்பு இலவச சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு, செவிலியைத் தவறாமல் சந்திக்கவும் என்று பெரிய எழுத்துகளில் முடிகிறது. சிகிச்சை ஏதும் இல்லை. ஊசி இறங்கியது நோயின் போக்கை அறிய மட்டுமே. 1930 வாக்கில் ரோசன்வால்ட் நிதியம் அங்கே உண்மையாகவே மேகநோய்க்கு மருந்து கொடுத்தது. பொருளாதார மந்தத்தில் பணம் நின்றது. அந்த நினைவின் மீதுதான் கடிதத்தின் பொய் ஏறி நிற்கிறது. தயங்கியவர்களை இழுக்கத்தானே இவ்வளவு ஆசைகாட்டல் என்று கேட்கலாம். அந்த வாய்ப்பை முற்றாகத் தள்ளிவிட முடியாது. அப்படியே கொண்டாலும், அவர்களை வரவழைக்கும் என்று அதிகாரிகள் நம்பியது சிகிச்சை என்ற வாக்குறுதியை. மருத்துவத்தை வெறுத்த ஊருக்கு இப்படி ஒரு கடிதம் எழுதப்பட்டிருக்காது. நோயுற்ற 399 பேரும் ஒப்பீட்டுக்கான 201 பேரும் நம்பியே வந்தார்கள்.

அந்த நம்பிக்கை 1972க்குப் பின் என்ன ஆயிற்று? 1993இல் அரசு நிதி பெறும் மருத்துவ ஆய்வுகளில் சிறுபான்மையினரைச் சேர்ப்பது சட்டமாயிற்று. டேவிட் வெண்ட்லர் குழு 2006இல் 20 ஆய்வுகளை, 70,000க்கும் மேற்பட்டோரின் முடிவுகளைத் தொகுத்தது. பங்கேற்குமாறு கேட்கப்பட்டவர்களிடையே ஒப்புதல் விகிதம் இனத்துக்கு இனம் மிகச் சிறிதே வேறுபட்டது. கேட்கப்படாதவர்கள் எத்தனை பேர் என்பதை அத்தரவு சொல்லாது. என் வாதம் மெலியும் இடம் இது. ஆனால் விடை இருப்பதும் அந்த இடைவெளியில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அழைப்பு மக்கள் இருக்கும் இடத்துக்கே போனால் என்ன ஆகும் என்பதை 2018இல் வெளியான லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வு காட்டுகிறது. அதில் 52 முடிதிருத்தகங்களின் வாடிக்கையாளர்கள், 319 கறுப்பின ஆண்கள் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு மருந்தாளுநர்கள் கடைக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து மருந்து கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களுக்கு மேல் அளவு 27 புள்ளி குறைந்தது. மற்றவர்களுக்கு 9 புள்ளிதான். நூற்றுக்கு 95 பேர் விலகாமல் நின்றார்கள்.

ஆய்வு நடத்துவோர் எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதோடு எத்தனை பேரை அழைத்தார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். அதைச் செய்யாமல் டஸ்கீகியைக் காரணம் காட்டுவதை ஏற்பதற்கில்லை.