டாஷ்போர்டு ஏன் வெடிக்கிறது?

1926ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குட்ரிச் கம்பெனி வேதியியலாளர் வால்டோ செமன் தேடியது என்னவோ ரப்பரை உலோகத்தில் ஒட்டும் பசையை. கிடைத்தது வளையும் வினைல்! விறைப்பான பி.வி.சி.யை ஓர் எண்ணெய்த் திரவத்தில் சூடாக்கினார்; ரப்பர் மாதிரி ஆனது. பின்னாளில் கார் சீட், டாஷ்போர்டு எல்லாம் இதுதான். ஆனால் வெயிலில் அந்தத் திரவம் மெல்ல ஆவியாகும். (கண்ணாடியின் உட்புறம் படியும் பிசுக்கு பெரும்பாலும் அதுதான்.) மிச்ச வினைல் விறைத்து வெடிக்கும். எதைப் பூசினாலும் போனது திரும்பாது. நிழலில் நிறுத்துவதே மேல்.

கதவு ரப்பருக்கு எதிரி ஓசோன். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியையே வெட்டிவிடும். அதனால் ரப்பரில் மெழுகு கலந்தார்கள். அது மேலே கசிந்து படலமாகக் காக்கும். பளபளப்புக்காகப் பெட்ரோலால் துடைப்பவர்கள் அந்தக் காவலையே துடைத்தெறிகிறார்கள். 1960களில் வந்த ஈ.பி.டி.எம். ரப்பருக்கு ஓசோன் பயமில்லை. பழைய கார்க்காரர்கள் புது பீடிங் போடும்போது இதையே கேட்டு வாங்கலாம்.