மண்ணுக்குள் ஒரு திசைகாட்டி



எங்கள் பினாங்குச் சூலியா தெருவின் வரலாற்றைக் கூற ஏடுகள் உள்ளன. 1786இல் ஆங்கிலேயர் இங்குக் குடியேறிய பின்னர் எழுந்த தெரு அது. ஏடே இல்லாத காலத்தை எவ்வாறு கணிப்பது?

நீரில் மெல்லப் படியும் களிமண்ணில் உள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள், அக்காலத்துப் புவிக்காந்தத்தின் திசையிலேயே அமைந்து இறுகிவிடுகின்றன. அத்திசை பலமுறை தலைகீழாகியுள்ளது. கடைசியாக ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. ஏரிகளின் அடியில் துளையிட்டு உருவியெடுக்கும் மண்தூண்களில் இத்திருப்பங்களை அடுக்கடுக்காகப் படிக்கலாம்.

தமிழகத்தின் அத்திரம்பாக்கத்தில் 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டறிந்தார். பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்து, ஆற்றங்கரைக் களிமண்ணில் இம்முறையைக் கையாண்டனர். காந்தத் திசை தலைகீழாக இருந்தது. ஆயினும் காந்தம் ‘அந்தத் திருப்பத்துக்கு முந்தியது’ என்று மட்டுமே சொல்லும். கருவிகளில் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கிய அணுக்கள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பதையும் அளந்த பின்னரே, அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என 2011இல் அறிவித்தனர்.

இதைக் கொண்டு ‘15 லட்சம் ஆண்டுத் தமிழன்’ என்று முழங்குதல் ஆகாது. நம் மனித இனம் தோன்றியதே சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அக்கருவிகளைச் செதுக்கியவர் நமக்கு முந்திய வேறொரு மனித இனத்தார். மாணவர்க்குப் பழம்பெருமை சொல்லுமுன், மண் சொல்வதை நாம் கேட்போம்.