டெட்ரொயிட்: கணினி காணாத சுவர்

பெருநகரங்கள் வளரும் விதத்துக்குச் சூத்திரம் தேடும் முயற்சிக்கு ஏறத்தாழ நூறு வயதாகிறது. சிக்காகோவை ஆராய்ந்த சமூகவியலாளர் ஏர்னெஸ்ட் பேர்ஜஸ், 1925இல் நகரத்தை ஒன்றையொன்று சூழ்ந்த ஐந்து வளையங்களாக வரைந்தார். நடுவே வணிக மையம். அதையடுத்துப் புதிதாக வந்திறங்கிய ஏழைக் குடியேறிகள். வெளியே செல்லச் செல்ல வசதி படைத்தோர். நகரம் போக்குவரத்துப் பாதைகளை ஒட்டி ஆப்பு வடிவில் விரிகிறது என்று 1939இல் திருத்தம் சொன்னார் ஹோமர் ஹொய்ட்.

இம்முயற்சிகளுள் என் கவனத்தை அதிகம் ஈர்த்தது 1970இல் வெளியான ஒரு கட்டுரை. மிச்சிகன் பல்கலைக்கழகப் புவியியலாளர் வால்டோ ரொப்லர், டெட்ரொயிட் பிராந்தியத்தின் சனத்தொகைப் பெருக்கத்தைக் கணினித் திரைப்படமாக ஆக்கியிருந்தார். தொலைவிலுள்ளவற்றைவிட அருகிலுள்ளவையே ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவை என்பது அவரது அடிப்படை. புவியியலின் முதல் விதி என்று அவர் சூட்டிய பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஆனால் அதே டெட்ரொயிட்டில், எட்டாம் மைல் வீதிக்கு அருகே, 1941இல் ஒரு சுவர் எழுந்திருந்தது. ஆறடி உயரம், அரை மைல் நீளம். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதியை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்தவர்களுக்கு, இடையே சுவர் எழுப்பிய பின்னரே அரசாங்கத்தின் கடன் உத்தரவாதம் கிடைத்தது. அருகருகே இருந்தவர்கள் இவ்வாறு தொலைவாக்கப்பட்டனர்.

பின்னர் தொழிற்சாலைகள் புறநகருக்குப் பெயர்ந்தன. நெடுஞ்சாலைகள் அமைப்பதற்காகக் கறுப்பினத்தவரின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. வெள்ளையர் நகரெல்லைக்கு வெளியே சென்றனர். 1950இல் சுமார் 18 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்த நகரின் சனத்தொகை, 2020இல் 6 இலட்சத்து 39 ஆயிரமாகச் சுருங்கியது. 2013இல் மாநகரம் வங்குரோத்தானது. புறநகரங்களோ விரிந்துகொண்டே சென்றன.

ரொப்லரைக் குறை கூறுவதற்கில்லை. தாம் எளிமைப்படுத்துவதை அவர் மறைக்கவில்லை. எனது கவலை வேறு. 1990களில் கீத் கிளார்க் உருவாக்கிய மாதிரி போன்றவை, நிலத்தின் சரிவையும் வீதிகளையும் பழைய வரைபடங்களையும் கொண்டு நகரின் நாளைய பரவலைக் கணிக்கின்றன. அந்தப் பழைய வரைபடங்களில் ஒரு தெரு வெறுமையாக இருப்பது தெரியும். அது கடன் மறுக்கப்பட்டதால் வெறுமையானது என்பது தெரியாது. நேற்றைய அநீதி, கணக்கில் நகரின் இயல்பாகவே பதிவாகிவிடுகிறது. அதை வைத்து நாளைய வீதியும் குடிநீரும் எங்கே போக வேண்டுமென்று தீர்மானித்தால், அதே மக்கள் இரண்டாம் முறையும் விடுபட்டுப்போவார்கள். ஆகவே, இத்தகைய கணிப்புகளை நம்பித் திட்டமிடுவோர், அந்த நகரின் வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து.