மணிக்கட்டில் ஓர் அமானிதம்: இப்னுஷ் ஷாத்திரின் பெட்டி முதல் இன்றைய கைக்கடிகாரம் வரை

தடித்த உறையும் அகன்ற பட்டையும் கொண்ட உறுதியான கைக்கடிகாரங்களை இன்று நம் இளைஞர்கள் பலர் விரும்பி அணிகின்றனர். மலையேற்றத்திற்கும் கடற்பயணத்திற்கும் உரியவை என்று விளம்பரம் செய்யப்படும் இவற்றை அலுவலகத்திலும் கடைவீதியிலும் பள்ளிவாசலிலும் அன்றாடம் காண்கிறோம். மணியும் தேதியும் காட்டுவதோடு அலாரம், ஸ்டாப்வாட்ச், உலக நேரம், திசைகாட்டி, உயரமானி, வெப்பமானி எனப் பல பணிகளை இவை செய்கின்றன. சிலவற்றில் ஹிஜ்ரி தேதியும் ஐவேளைத் தொழுகை நேரங்களும்கூட உண்டு.

இதனைப் புதிய காலத்தின் விந்தை என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், நேரத்தையும் திசையையும் அறியும் வழிகளை ஒரு சிறு கருவிக்குள் அடக்கிக் கையோடு எடுத்துச் செல்லும் கலையை முஸ்லிம் அறிஞர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே கைவரப் பெற்றிருந்தனர். அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், கையில் கட்டியிருக்கும் பொருளின் மதிப்பும் அதை உடையவரின் பொறுப்பும் நமக்குத் தெளிவாகும்.

நேரம் குறிக்கப்பட்ட கடமை

தொழுகை, நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. அந்த நேரங்கள் யாவும் வானத்தோடு பிணைக்கப்பட்டவை. கீழ்வானில் வெளிச்சம் பரவும்போது சுபுஹு, சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர், நிழல் உரிய அளவு நீண்டதும் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், அந்தியொளி நீங்கியதும் இஷா. உச்சிப்பொழுதின் நிழலைக் கழித்தபின், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்திற்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. இரு மடங்காகும்போது தொடங்குகிறது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து.

இந்த அளவுகோல்களின் எளிமை கவனிக்கத்தக்கது. பாலைவனத்தில் ஆடு மேய்ப்பவரும் ஒரு குச்சியை நட்டு நேரத்தை அறிந்துகொள்ளலாம். கடமையை நிறைவேற்ற எந்தக் கருவியும் நிபந்தனையாக்கப்படவில்லை. ஆனால் நகரங்கள் பெருகி, மேகமூட்டமான நாள்களிலும் பாங்கு சொல்ல வேண்டிய தேவை எழுந்தபோது, கணிதமும் கருவியும் துணைக்கு வந்தன. பக்தாதுக்குரிய தொழுகை நேர அட்டவணைகளை 9ஆம் நூற்றாண்டிலேயே அல்குவாரிஸ்மி வகுத்தார். கெய்ரோவில் இப்னு யூனுஸ் (இறப்பு 1009) தொடங்கிவைத்த கணிப்பு மரபு, பிற்காலத்தாரால் வளர்க்கப்பட்டு 19ஆம் நூற்றாண்டு வரை அந்நகரில் பயன்பட்டது.

முவக்கித் என்னும் பொறுப்பு

13ஆம் நூற்றாண்டில் மம்லூக்குகளின் எகிப்தில் பள்ளிவாசல்களில் ஒரு புதிய பணி தோன்றியது. ‘முவக்கித்’ எனப்பட்ட நேரக் கணிப்பாளர், இமாமையும் முஅத்தினையும் போலப் பள்ளிவாசலின் பொறுப்பாளர்களுள் ஒருவரானார். வானியலைக் கற்று, கருவிகளை ஆராய்ந்து, மக்களின் தொழுகைக்கு உரிய நேரத்தை உறுதிசெய்வது அவரது கடமை. வானியல் அறிஞருக்குப் பள்ளிவாசலிலேயே ஊதியமும் இடமும் கிடைத்தன.

அவர்களுள் தலைசிறந்தவர் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் தலைமை முவக்கித் இப்னுஷ் ஷாத்திர் (இறப்பு 1375). 1371இல் அப்பள்ளியின் மினாரா ஒன்றில் அவர் நிறுவிய சலவைக்கல் சூரியக் கடிகாரம் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உடையது. உடைந்த நிலையில் அதன் மூலக்கல் டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. மினாராவில் 19ஆம் நூற்றாண்டில் செய்த நகல் வைக்கப்பட்டது.

நம் பொருளுக்கு இதைவிட நெருக்கமான மற்றொரு கருவியை அவர் 1366இல் செய்தார். ‘ஸந்தூக்குல் யவாகீத்’, அதாவது மாணிக்கப் பெட்டி என்பது அதன் பெயர். நீளமும் அகலமும் 12 சென்டிமீட்டர். உயரம் 3 சென்டிமீட்டர். அந்தச் சிறு பெட்டிக்குள் சூரியக் கடிகாரமும் காந்தத் திசைகாட்டியும் இருந்தன. லுஹர், அஸர் நேரங்களை அறியவும் கிப்லாவை நிர்ணயிக்கவும் அது உதவியது. ஊர்விட்டு ஊர் செல்லும் மனிதர் தம்முடன் எடுத்துச் செல்லத்தக்க பல்பயன் கருவி அது. இன்றைய கைக்கடிகாரத்தின் பெட்டிக்குள் மின்கலமும் சில்லும் புகுந்திருக்கலாம். அதற்கு நாம் இடும் பணி அதே பணிதான்.

அல்பீரூனியின் பதில்

பிறர் செய்த கருவியைத் தீனுடைய காரியத்திற்குப் பயன்படுத்தலாமா என்ற கேள்வியும் பழையதே. நிழல்களைப் பற்றித் தனி நூல் எழுதிய அல்பீரூனி (பிறப்பு 973) அதில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். தொழுகை நேரத்தை அறிவதற்கான கருவி ஒன்றில் ரோமர்களின் மாதக் கணக்கு இடம்பெற்றிருந்தது. அதனால் மார்க்கப் பற்றுள்ள ஒருவர் அதைப் பள்ளிவாசலுக்குள் அனுமதிக்க மறுத்துவிட்டார். ரோமர்கள் உணவும்தான் உண்கிறார்கள். அப்படியானால் அதிலும் அவர்களுக்கு ஒப்பாகாமல் இருந்துகொள்ளுங்கள் என்ற பொருள்பட அல்பீரூனி அவருக்கு விடையளித்தார். சூரியனின் போக்கு எந்தச் சமயத்தாருக்கும் தனிச்சொத்தன்று என்ற தெளிவு அந்த விடையில் இருக்கிறது.

அத்தெளிவு பிற்காலத்திலும் தொடர்ந்தது. உஸ்மானியப் பேரரசின் பள்ளிவாசல்களை ஒட்டி முவக்கித்துகளுக்கெனத் தனி அறைகள் கட்டப்பட்டன. ஐரோப்பாவில் செய்த கடிகாரங்களும் அவ்வறைகளில் இடம்பெற்றன. ஆயினும் அக்கடிகாரங்கள் முஸ்லிம்களின் நாள்கணக்கிற்கே கட்டுப்பட்டிருந்தன. சூரியன் மறையும் வேளையே மணி 12. அங்கிருந்தே புதிய நாள் தொடங்கும். சூரிய மறைவு நாள்தோறும் சற்று மாறுவதால் கடிகாரத்தையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது, கடிகாரம் வைத்திருந்தவரும் வானத்தைப் பார்த்தாக வேண்டும். துருக்கி 1925 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின் மூலம் இம்முறையைக் கைவிட்டு, நள்ளிரவில் தொடங்கும் 24 மணிக் கணக்கை ஏற்றது.

சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு

முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களால் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க இயலவில்லை. கைக்கடிகாரம் ஆண்களிடையே பரவ அப்போரே பெருங்காரணமாயிற்று. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரான்’ என்னும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை அன்று ஒரு காரின் விலைக்கு நிகர். பின்னர் நொடிக்கு 32,768 முறை அதிரும் சிறு படிகமே உலகெங்கும் பொது அளவாகி, துல்லியம் எளியவருக்கும் எட்டியது.

உறுதிக்கான கதை கேசியோ நிறுவனப் பொறியாளர் கிக்குவோ இபேயிடம் தொடங்குகிறது. தந்தை பரிசளித்த கைக்கடிகாரம் விழுந்து உடைந்தது அவரை வருத்தியது. விழுந்தாலும் உடையாத கடிகாரத்தைச் செய்ய அவர் முனைந்தார். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும். 10 பார் நீரழுத்தத்தைத் தாங்க வேண்டும். மின்கலம் 10 ஆண்டு உழைக்க வேண்டும் என்பவை இலக்குகள். 200க்கும் மேற்பட்ட மாதிரிகள் தோற்றன. பூங்காவில் ஒரு சிறுமி பந்து விளையாடுவதைக் கண்டபோது, துள்ளும் பந்தின் நடுப்பகுதிக்கு அதிர்ச்சி எட்டுவதில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது. இயங்குபகுதியை உறைக்குள் மிதப்பதுபோல் சில புள்ளிகளில் மட்டும் தாங்கவைத்தார். 1983 ஏப்ரலில் ‘ஜி-ஷாக்’ பிறந்தது. 1990களில் திசைகாட்டியும் காற்றழுத்தத்தால் உயரம் அளக்கும் உணரியும் கைக்கடிகாரங்களில் சேர்ந்தன. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் வகைகளையும் அந்நிறுவனம் வெளியிட்டது.

கடிகாரமே குற்றச்சாட்டானபோது

அதே நிறுவனம் 1989இல் வெளியிட்ட ‘எஃப்-91டபிள்யூ’ என்னும் மலிவான கைக்கடிகாரம் உலகெங்கும் ஏழை எளியோரின் கைகளில் இடம்பிடித்தது. குவாந்தனாமோ சிறையின் விசாரணைப் பதிவுகள் 2006இல் வெளியானபோது, பல கைதிகளுக்கு எதிரான காரணங்களுள் ஒன்றாகக் கேசியோ கைக்கடிகாரம் குறிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. வெடிகுண்டுப் பயிற்சி பெற்றோருக்கு இவ்வகைக் கடிகாரங்கள் வழங்கப்பட்டன என்பது அதிகாரிகள் கூறிய விளக்கம். 2011இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட ஆவணங்களிலும் இக்கருத்து இடம்பெற்றது. சிறையில் பணியாற்றிய முஸ்லிம் மார்க்க ஆலோசகர்களும் இதே கடிகாரத்தைத்தான் அணிகின்றனர் என்று ஒரு கைதி விசாரணையில் எடுத்துரைத்தார்.

கோடிக்கணக்கானோர் வாங்கிய ஒரு பொருள், முஸ்லிமின் கையில் இருக்கும்போது மட்டும் ஐயத்திற்குரியதாகிவிட்டது. தொழுகைக்காக நேரம் பார்ப்பது இயல்பான செயல் என்பதை உலகம் அறியாதிருந்ததன் விளைவு இது. நம் சமுதாயத்தின் நேர அறிவியல் மரபை நாமே மறந்திருக்கும்போது, பிறர் அறியவில்லை என்று குறைபடுவதில் பயன் குறைவு.

கடிகாரம் அறியாதவை

ஆகவே, கருவியை உடையவர் அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். கடிகாரம் 12 காட்டுவதால் சூரியன் உச்சிக்கு வந்துவிடாது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதாலும், ஆண்டுக்குள் சூரியனின் போக்கு சற்று முந்திப் பிந்துவதாலும், அங்கே பிப்ரவரி நடுவில் உச்சிப்பொழுது ஏறத்தாழ 12.23, நவம்பர் தொடக்கத்தில் 11.53. கன்னியாகுமரியில் இது சென்னையைவிட 11 நிமிடம் தாமதம். எனவே தொழுகை நேரம் காட்டும் கடிகாரத்தில் ஊரைச் சரியாகப் பதிவு செய்யாவிட்டால், அத்தனை வசதியும் தவறான நேரத்தையே துல்லியமாகக் காட்டும்.

திசையிலும் இவ்வாறே. ‘கிப்லா மேற்கு’ என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். சென்னையிலிருந்து கணக்கிட்டால் அது மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கிறது. கடிகாரத்தின் காந்தத் திசைகாட்டி, இரும்புக் கட்டிலுக்கும் வாகனத்திற்கும் அருகில் வழிதவறும். ஆனால் திருத்தமான நேரம் காட்டும் எந்தக் கடிகாரமும் ஆண்டில் இருமுறை நமக்குக் கிப்லாவைக் காட்டித்தரும். மே 28 அன்று இந்திய, இலங்கை நேரப்படி பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 அன்று பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் கஅபாவிற்கு நேர் மேலே நிற்கிறது. லீப் ஆண்டுகளில் ஒரு நாள் முன்னதாக. அவ்வேளையில் சூரியன் இருக்கும் திசையே கிப்லா. செங்குத்தாக நட்ட ஒரு குச்சியின் நிழலுக்கு நேர் எதிர்ப்புறம் நோக்கினால் போதும். சிங்கப்பூர், மலேசியாவில் அவ்வேளைகள் மாலை 5.18, 5.27.

அன்றாடப் பயன்பாட்டில் மேலும் சில கவனிக்கத்தக்கவை. நீர் புகாத கடிகாரம் என்பதால் உளூவின்போது அதைக் கழற்றாமலே விட்டுவிடுகிறோம். கடிகாரத்திற்குள் நீர் புகாதிருப்பது நல்லது. இறுகிய பட்டைக்கு அடியில் தோலுக்கும் நீர் புகாதிருந்தால் உளூ நிறைவுறாது. பட்டையை அசைத்தோ கழற்றியோ கழுவுதல் வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒலிக்கும் ஓசையைப் பள்ளிவாசலில் நிறுத்தி வைப்பது அருகில் தொழுபவருக்குச் செய்யும் உரிமை. ‘100 மீட்டர்’ என்று பொறித்திருப்பது அசைவற்ற நீரின் அழுத்தத்தைக் குறிப்பதேயன்றி, அணிந்துகொண்டு 100 மீட்டர் ஆழம் மூழ்கலாம் என்பதற்கான உறுதியன்று. ஒருபோதும் பயன்படுத்தாத வசதிகளுக்காகப் பெரும்பொருள் செலவிடுவது வீண்விரயமாகுமா என்பதை அவரவர் உள்ளத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் சுமந்த பொறுப்பு இன்று ஒவ்வொருவரின் மணிக்கட்டுக்கும் வந்திருக்கிறது. இப்னுஷ் ஷாத்திரின் பெட்டியைத் திறந்தவர் சூரியனையும் நிழலையும் நோக்கி நேரத்தை அறிந்தார். நாமோ பொத்தானை அழுத்தி எண்ணைப் பார்த்துவிட்டு, மீண்டும் உரையாடலில் மூழ்கிவிடுகிறோம். ஆரோக்கியமும் ஓய்வுநேரமும் மனிதர் பலர் இழப்புக்குள்ளாகும் இரு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்கு உணர்த்தியுள்ளார்கள். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையாத கடிகாரத்தை மனிதர் செய்துவிட்டனர். அது காட்டும் நேரத்தை வீணாகாமல் காக்கும் பணி அதை அணிந்தவருடையது.

காலத்தின் அருமையை உணர்ந்து, உரிய நேரத்தில் கடமைகளை நிறைவேற்றும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.