தந்தையின் நாவலிலிருந்து ஓர் இயக்கப் பெயர்

இலத்தீன் அமெரிக்க எழுத்தாளர்கள் என்றதும் நம் வாசகர்களின் நினைவுக்கு முதலில் வருபவர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ். அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, 1967 இல், நோபல் பரிசு பெற்றவர் குவாத்தமாலா நாட்டு நாவலாசிரியர் மிகேல் ஏஞ்சல் அஸ்தூரியாஸ். அரசியலும் எழுத்தும் முட்டிக்கொள்ளும் இடங்களைப் பத்திரிகையாளனாக நெடுங்காலம் அவதானித்து வந்த எனக்கு, மார்க்வெஸை விட இவரது வாழ்க்கையே அதிகம் சிந்தனையைத் தூண்டுகிறது.

1899 இல் பிறந்த அவர், எஸ்த்ராதா கப்ரேராவின் 22 ஆண்டுக் கொடுங்கோலாட்சியில் வளர்ந்தவர். அந்த அனுபவத்தைக் கொண்டு எழுதிய 'ஜனாதிபதி அவர்கள்' நாவல் 1932 இல் முடிவுற்றது. ஆனால் இன்னொரு சர்வாதிகாரி ஹோர்ஹே ஊபிகோ வீழ்ந்த பின்னரே, 1946 இல், மெக்சிகோவில் அச்சேறியது.

யுனைட்டட் புரூட் கம்பனியின் வாழைத்தோட்டங்களைப் பற்றியும் அவர் மூன்று நாவல்கள் எழுதினார். அக்கம்பனியின் தரிசு நிலங்களைச் சுவீகரித்த ஹகோபோ ஆர்பென்ஸின் அரசாங்கம் 1954 இல் சி.ஐ.ஏ.யின் சதியால் கவிழ்ந்தது. அவ்வரசின் தூதுவராக எல் சல்வடோரில் பணியாற்றிய அஸ்தூரியாஸ், பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு ஆர்ஜென்டீனாவில் தஞ்சம் புகுந்தார்.

1966 இல் நிலைமை மாறியது. புதிய ஜனாதிபதி மெண்டெஸ் மொந்தெநேக்ரோ அவரைப் பாரிஸுக்குத் தூதுவராக அனுப்பினார். ஜனாதிபதி சிவிலியன், அதிகாரமோ இராணுவத்திடம். கெரில்லாக்களை ஒடுக்குவதாகக் கூறி இராணுவம் கிராமத்தவர்களைக் கொன்ற காலத்தில், 1970 வரை அவர் அப்பதவியில் நீடித்தார். இடதுசாரிகள் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே என்பது என் கருத்து.

மூத்த மகன் ரொட்ரிகோ ஆயுதம் ஏந்தினார். தந்தையின் 'சோள மனிதர்கள்' (1949) நாவலில், வியாபாரத்துக்காகச் சோளம் பயிரிடக் காட்டை எரிப்போரை எதிர்த்து நஞ்சூட்டப்படும் பழங்குடித் தலைவன் காஸ்பர் இலோம். அப்பெயரையே ரொட்ரிகோ தமது இயக்கப் பெயராக்கிக் கொண்டார். அவர் தலைமை தாங்கிய ஓர்பா இயக்கம் 1979 இல் பகிரங்கமாகக் களமிறங்கியது. 1996 இல் அவ்வியக்கம் சம்பந்தப்பட்ட ஆட்கடத்தல் ஒன்று அம்பலமாகவே, அவர் பேச்சுவார்த்தையிலிருந்து விலக நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 29 ஆம் திகதி கைச்சாத்தான சமாதான உடன்படிக்கையில் அவரது ஒப்பம் இல்லை.

36 ஆண்டுப் போரில் 200,000 க்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என 1999 இல் உண்மை கண்டறியும் ஆணைக்குழு மதிப்பிட்டது. அடையாளங்காணப்பட்டோரில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள். நாவலின் காஸ்பர் இலோம் எவருக்காக நின்றானோ அதே மக்கள்.

தந்தை 1974 இலும் மகன் 2005 இலும் மறைந்தனர். தந்தை ஏற்ற பதவியையும் மகன் ஏந்திய ஆயுதத்தையும் வரலாறு கேள்விக்குட்படுத்தும். அவ்வாறே செய்யவும் வேண்டும். ஆனால் எழுத்தாளன் தன் கதைக்கு உண்மையாக இருந்தால், அவன் சறுக்கிய இடத்திலும் அக்கதை நிமிர்ந்து நிற்கும் என்பதற்கு அஸ்தூரியாஸ் சாட்சி.