திரும்பி வரும் அலை: அமெச்சூர் வானொலிப் பெருக்கிகளைக் காத்த முறைகளின் வரலாறு

தமிழ்நாட்டில் கம்பியில்லாத் தொடர்பில் ஆர்வம் கொண்டு தாமே கருவி அமைத்தவர்களின் வரலாறு பெரும்பாலும் ஒலிபரப்பின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1924 மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் அலைபரப்பியைக் கொண்டு நிகழ்ச்சிகளை அனுப்பத் தொடங்கியதும், பின்னர் 200 வாட் கருவிக்கு உயர்ந்ததும், பணமுடையால் 1927 அக்டோபரில் பணியை நிறுத்தித் தன் அலைபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்ததும், மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் நடத்திய சேவையை அகில இந்திய வானொலி 1938 ஜூன் 16 அன்று ஏற்றுக்கொண்டதும் பலரும் எடுத்துரைக்கும் செய்திகள். ஆனால் ஓர் அலைபரப்பியின் கடைசிக் கட்டமான பெருக்கிக்கும் கூரைக்கு மேலே கட்டிய கம்பிக்கும் இடையில் என்ன நடக்கிறது, அந்த இணைப்பு பொருந்தாமல் போனால் கருவிக்கு என்ன நேர்கிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அது கருவிகளைத் தம் கையால் அமைத்த அமெச்சூர்களின் மேசைகளில் நிகழ்ந்த வரலாறு என்பதால் அதிகம் பேசப்படவில்லை.

1920-களின் கருவிகளில் ஆன்டெனா தனியொரு பொருளாகக் கருதப்படவில்லை. அது அலைபரப்பியின் சுருளோடும் மின்தேக்கியோடும் சேர்ந்து ஒரே சுற்றாக இயங்கியது. இயக்குபவர் சுருளின் இணைப்பை நகர்த்தி, கம்பியில் பாயும் மின்னோட்டத்தின் வெப்பத்தால் முள் நகரும் அம்மீட்டரைப் பார்த்து, முள் எட்டக்கூடிய உச்சத்துக்குக் கருவியைக் கொண்டுவருவார். அம்மீட்டர் இல்லாதவர்கள் சிறு விளக்கு ஒன்றைக் கம்பியின் வழியில் இணைத்து அதன் ஒளியைப் பார்த்துக்கொண்டார்கள். கம்பியில் செல்லும் அலை முனையில் மோதித் திரும்பும் என்பது அறிவியலுக்குப் புதிதன்று. ஆலிவர் ஹெவிசைடு 1880-களிலேயே நீண்ட கம்பிகளில் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பரவும் விதத்துக்குச் சமன்பாடுகள் வகுத்திருந்தார், 1890-இல் எர்ன்ஸ்ட் லெக்கர் இணையாக நீட்டிய இரு கம்பிகளில் நிலையலைகளை அளந்து காட்டியிருந்தார். ஆயினும் அந்த அறிவு அமெச்சூரின் மேசைக்கு ஓர் அளவுகருவியாக வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பொருந்தாமை என்பதை இங்கே விளக்குவது தேவை. ஒவ்வொரு கேபிளுக்கும் தனக்கென ஒரு மின்மறுப்பு உண்டு. இன்றைய அமெச்சூர் கருவிகளில் அது பெரும்பாலும் 50 ஓம். கேபிளின் முனையிலுள்ள ஆன்டெனாவும் 50 ஓமாக நின்றால் சென்ற அலை முழுவதும் அதனால் ஏற்கப்படுகிறது. வேறு மதிப்பில் நின்றால் அலையின் ஒரு பகுதி திரும்புகிறது. செல்லும் அலையும் திரும்பும் அலையும் கலந்து கேபிளின் சில இடங்களில் மின்னழுத்தத்தை உயர்த்தியும் சில இடங்களில் தாழ்த்தியும் நிலையாக நிற்கும் வடிவமே நிலையலை. அந்த உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள விகிதமே அமெச்சூர்கள் எஸ்.டபிள்யூ.ஆர். என்று சுருக்கிச் சொல்வது. அது 1.5 ஆக இருந்தால் அனுப்பிய திறனில் 4 விழுக்காடும், 2 ஆக இருந்தால் ஏறத்தாழ 11 விழுக்காடும், 3 ஆக இருந்தால் 25 விழுக்காடும் எதிர்த்திசையில் வருவதாக மீட்டர் காட்டும். கேபிள் ஆன்டெனாவிலிருந்து அறுந்து கிடந்தால், இழப்பற்ற கேபிளில், முழுத் திறனும் திரும்பும்.

வால்வுக் காலத்தில் இந்தப் பொருந்தாமை உடனடி ஆபத்தாக இருக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய 1939-இல் இந்திய அமெச்சூர்கள் தம் அலைபரப்பிகளை அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது. போர் முடிந்து உரிமங்கள் மீண்டபோது, ராணுவம் கழித்துவிட்ட உபகரணங்களே அவர்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வமாக இருந்தன. 807 என்னும் வால்வு அவ்வாறு உலகெங்கும் அமெச்சூர் கருவிகளுக்குள் நுழைந்தது. அதன் வெளியீட்டில் இரு மின்தேக்கிகளும் நடுவே ஒரு சுருளும் கொண்ட பை-வலை எனும் அமைப்பு இருந்தது; இரண்டு குமிழ்களையும் திருப்பி அனோடு மின்னோட்டம் குறையும் புள்ளியைக் கண்டு, பின் சுமையை ஏற்றி, மீண்டும் அப்புள்ளியைத் தேடுவது அன்றாட ஒழுங்கு. ஆன்டெனா 50 ஓமில் நில்லாமல் 30-இலோ 100-இலோ நின்றாலும் அந்தக் குமிழ்கள் வேறுபாட்டை விழுங்கிக்கொண்டன. பாதுகாப்பும் இசைவிப்பும் அன்று ஒரே செயல் என்பதும், அந்தச் செயல் மனிதக் கையில் இருந்தது என்பதும் இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கவை.

தவறு நேர்ந்தபோது வால்வு அறிகுறி காட்டியது. அனோடுத் தகடு சிவந்து ஒளிரும். மின்தேக்கியின் தட்டுகளுக்கிடையே பொறி பறக்கும். ஆன்டெனா கழன்று சுமையே இல்லாத நிலையில் திரைக் கிரிடில் மின்னோட்டம் ஏறி அதைச் சுடும். இவையெல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டின. தந்திச் சாவியிலிருந்து கையை எடுக்க இயக்குபவருக்குச் சில வினாடிகள் கிடைத்தன.

அளவுகருவியின் வரலாறு இதற்கு இணையாக வளர்ந்தது. பிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்ட வட்ட வரைபடம் கேபிளின் எந்த நீளத்திலும் மின்மறுப்பு எப்படி மாறுகிறது என்பதைக் கணக்கின்றியே படித்தறிய வழி செய்தது. அமெரிக்க அமெச்சூர் இதழான கியூ.எஸ்.டி.யில் 1956-இல் லூயிஸ் மெக்காய் விளக்கிய மோனிமேட்ச் என்னும் எளிய கருவி, செல்லும் அலையையும் திரும்பும் அலையையும் தனித்தனியே காட்டும் ஆற்றலை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. 1959-இல் அதே இதழில் வாரன் புரூன் எழுதிய கட்டுரை விளக்கிய சுற்று, மின்னோட்டத்தின் மாதிரியை வளைய மின்மாற்றி ஒன்றின் மூலமும் மின்னழுத்தத்தின் மாதிரியை மின்தேக்கிகளின் மூலமும் எடுத்து, ஒருபுறம் கூட்டியும் மறுபுறம் கழித்தும் இரு திசை அலைகளைப் பிரிக்கிறது. இன்றைய பெரும்பாலான காப்புச் சுற்றுகளின் உள்ளே இருப்பது இந்தச் சுற்றின் வழித்தோன்றலே. அக்கட்டுரை இத்துறையில் பெறவேண்டிய புகழை இன்னும் முழுமையாகப் பெறவில்லை.

1970-களில் டிரான்சிஸ்டர் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. 12 அல்லது 13 வோல்ட்டில் இயங்கி 100 வாட் தரும் டிரான்சிஸ்டர் சில ஓம்களே கொண்ட சுமையை விரும்புகிறது. அதை 50 ஓமுக்கு உயர்த்த ஃபெரைட் உள்ளகத்தில் சுற்றிய அகலப்பட்டை மின்மாற்றி பயன்பட்டது. மோட்டரோலா நிறுவனத்தின் ஹெல்கே கிரான்பெர்க் எழுதிய பயன்பாட்டுக் குறிப்புகள் இந்த அமைப்பைப் பலருக்குக் கற்பித்தன. அகலப்பட்டை என்றால் பல அலைவரிசைகளுக்கும் திருப்பவேண்டிய குமிழே இல்லை என்று பொருள். அந்த வசதியின் மறுபக்கமாக, பொருந்தாமையை விழுங்கிக்கொண்ட பை-வலை மறைந்தது. ஆன்டெனாவின் ஒவ்வொரு பிழையும் நேராகச் சிலிக்கான் துண்டைச் சென்றடைந்தது. வால்வின் தகட்டுக்கு இருந்த பருமனும் வெப்பத்தைத் தாங்கும் அவகாசமும் மெல்லிய சிலிக்கானுக்கு இல்லை. அழுத்தம் வரம்பு மீறினால் அது மைக்ரோவினாடிகளில் அழியக்கூடும், அழியுமுன் சிவந்து காட்டுவதும் இல்லை.

திரும்பி வந்த திறன் பெருக்கிக்குள் புகுந்து அப்படியே வெப்பமாகிறது என்ற விளக்கம் நெடுங்காலமாகப் பரவியிருக்கிறது. வால்டர் மேக்ஸ்வெல் 1973 முதல் எழுதிய கட்டுரைகளில் இதை வன்மையாக மறுத்தார். அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. திரும்பும் அலை செய்வது பெருக்கி காணும் சுமையை மாற்றுவது: கேபிளின் நீளத்தைப் பொறுத்து அச்சுமை மிகத் தாழ்ந்தால் மின்னோட்டம் பெருகி டிரான்சிஸ்டர் சூடாகிறது, மிக உயர்ந்தால் மின்னழுத்தம் ஏறி உள்ளே உடைப்பு நேர்கிறது. 50 ஓமில் 100 வாட்டுக்கு உச்ச அழுத்தம் 100 வோல்ட். முழுத் திரும்பலில் நிலையலையின் உச்சம் அதன் இரு மடங்கை எட்டுகிறது. ஒரே எஸ்.டபிள்யூ.ஆர். ஒரு வீட்டில் கருவியைச் சுட்டதும் மற்றொரு வீட்டில் தீங்கின்றிக் கடந்ததும் ஏன் என்பதற்கு இந்தக் கேபிள் நீளமே பெரும்பாலும் விடை.

ஆகவே காவல் மனிதக் கையிலிருந்து சுற்றுக்கு மாறியது. புரூன் வகைச் சுற்று தரும் திரும்பலைச் சமிக்ஞையை நேர்மின்னழுத்தமாக்கி, பெருக்கிக்கு வரும் உள்ளீட்டைக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியில் சேர்த்தார்கள், எஸ்.டபிள்யூ.ஆர். 2-ஐத் தாண்டும் அளவில் கருவி தானே தன் திறனைக் குறைத்துக்கொள்வது அமெச்சூர் கருவிகளின் பொது இயல்பாயிற்று. ஆயிரம் வாட் அளவிலான தனிப் பெருக்கிகளில் அது போதவில்லை; அங்கே வரம்பு மீறியதும் முழுவதும் நிறுத்தி, இயக்குபவர் மீண்டும் பொத்தானை அழுத்தும் வரை நிறுத்தியே வைக்கும் பூட்டுச் சுற்று வந்தது. அதில் ஒரு நுட்பம் உண்டு: ரிலே நகர மில்லிவினாடிகள் ஆகும், பாயும் திறனோடு அது பிரிந்தால் அதன் முனைகள் பொறியால் தீயும், எனவே முதலில் டிரான்சிஸ்டரின் சார்பு மின்னழுத்தத்தையோ உள்ளீட்டையோ மின்னணு முறையில் வெட்டிவிட்டு, அதன்பின் ரிலேயை விடுவிப்பதே முறை. திரும்பும் அலையை வேறொரு சுமைக்குத் திருப்பிவிடும் சர்க்குலேட்டர் உயர் அதிர்வெண்களில் தொழில்துறைக்கு உதவினாலும், அமெச்சூர்களின் குறுகிய அலைப் பட்டைகளில் அதன் உருவளவும் குறுகிய பட்டையகலமும் அதை நடைமுறைக்கு ஒவ்வாததாக்கின.

அண்மைக் காலத்து எல்டிமாஸ் வகை டிரான்சிஸ்டர்கள் 65-க்கு 1 என்னும் பொருந்தாமையையும் தாங்குவதாக அறிவிக்கப்படுகின்றன. அந்த அறிவிப்பு 100 மைக்ரோவினாடி அளவிலான துடிப்புகளில், குறிப்பிட்ட வெப்பநிலையில் செய்த சோதனையைச் சார்ந்தது. நிமிடக்கணக்கில் பேசும் அமெச்சூருக்கு அது பொருந்தாது. மறுமுனையில், ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து உலகெங்கும் பரவிய பிட்எக்ஸ் என்னும் இந்தியக் கருவி, மின்வழங்கிகளுக்கென உருவான மலிவான ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டைக் கடைசிக் கட்டத்தில் வைத்தது. 100 வோல்ட் தாங்கும் அத்துண்டு 12 வோல்ட்டில் இயங்கும்போது அழுத்தத்துக்குப் போதிய இடைவெளி இருக்கிறது. காப்புச் சுற்று இல்லாமலும் அது பல பிழைகளைப் பொறுத்துக்கொள்வதன் காரணம் அதுவே. திறனைக் கூட்டும் ஆசையில் மின்வழங்கலை உயர்த்தும்போது அந்த இடைவெளி சுருங்குகிறது. இந்தியாவில் உரிமத்தின் உயர்ந்த நிலைக்கு விதிகள் 400 வாட் வரை இடமளித்திருப்பதால், இந்த இரு முனைகளுக்கும் நடுவிலான கருவிகளே இங்கு மிகுதியாகக் காப்பை நாடுகின்றன.

காஞ்சிபுரம் போன்ற ஓர் ஊரை வைத்துப் பார்த்தால் காப்பின் தேவை எளிதில் விளங்கும். 40 மீட்டர் பட்டையில் அரை அலை நீளக் கம்பிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் இடம் வேண்டும். பிள்ளையார்பாளையத்தின் நெசவாளர் தெருக்களில் நெசவுக்கான பாவு நூலை நீட்டி விரிக்கத் தெருவில் இடம் உண்டு. கூரைகளோ சுவரோடு சுவர் ஒட்டியவை, மின்கம்பிகள் அருகிலேயே செல்கின்றன. அங்கே கட்டும் ஆன்டெனா தாழ்ந்தும் வளைந்தும்தான் நிற்கும். தரையிலிருந்தும் தகரக் கூரையிலிருந்தும் உள்ள தூரத்துக்கேற்ப அதன் மின்மறுப்பு மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் கம்பியின் உறை நனைந்து இசைவு சற்று நகரும். இணைப்பியின் வழியே நீர் கேபிளுக்குள் இறங்கும். இந்த இரண்டாவது கேடே அதிகம் ஏமாற்றக்கூடியது. நனைந்த கேபிள் தன்னுள் செல்லும் அலையையும் திரும்பும் அலையையும் உறிஞ்சுகிறது. 3 டெசிபெல் இழப்புள்ள கேபிளின் மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் கருவிப் பக்கத்து மீட்டர் எஸ்.டபிள்யூ.ஆர். 3 என்றே காட்டும், இழப்பு 5 டெசிபெல்லை எட்டினால் அது 2-க்கும் கீழே இறங்கிவிடும். அப்போது காப்புச் சுற்று விழிப்பதில்லை, பெருக்கியும் சேதமின்றி இயங்குகிறது, அனுப்பிய திறன் மட்டும் கேபிளிலேயே வெப்பமாகிவிடுகிறது. வறண்ட நாளில் ஆன்டெனாவின் முனையிலேயே அளவெடுத்துக் குறித்துவைத்து, மழைக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் அளந்து ஒப்பிடுவதும், கேபிளின் முனையை 50 ஓம் போலிச்சுமையில் முடித்து எவ்வளவு திறன் சென்று சேர்கிறது என்று பார்ப்பதும், எந்தத் தானியங்கிச் சுற்றாலும் காணமுடியாத இந்தக் கேட்டைக் கண்டறிய அனுபவமுள்ள அமெச்சூர்கள் கையாளும் வழிகள்.