தாய்ப்பாலூட்டும் காலத்தில் கண் மருந்துகள்

கண்ணில் இடும் துளி மருந்து கண்ணோடு நின்றுவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அதன் ஒரு பகுதி கண்ணின் உள்மூலையிலுள்ள கண்ணீர்க் கால்வாய் வழியாக மூக்கினுள் இறங்கி, அங்குள்ள மென்சவ்வினூடாகக் குருதியிற் கலக்கின்றது. விழுங்கும் மாத்திரையைப் போன்று அது முதலில் ஈரலைக் கடந்து செல்வதில்லை. குருதியிற் சேர்ந்த மருந்து சிறிதளவில் தாய்ப்பாலையும் அடையலாம்.

இதற்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கண் வறட்சிக்கான செயற்கைக் கண்ணீர்த் துளிகளால் சிசுவுக்குத் தீங்கு நேர்வதில்லை. குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கான மருந்துகளிலேயே கூடிய கவனம் தேவை. டிமோலோல் சிசுவின் இதயத் துடிப்பைக் குறைக்கவும் சுவாசத்தைப் பாதிக்கவும் கூடும். பிரிமோனிடின் 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இடக்கூடாத மருந்து. ஆதலால் பாலூட்டும் தாய்மாருக்கும் அது பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. லட்டானோபுரோஸ்ட் குருதியிலிருந்து விரைவில் நீங்கிவிடுவதால் ஆபத்துக் குறைந்ததாகக் கருதப்படுகின்றது.

பாலூட்டி முடிந்த பின்னர் மருந்திடுவது நன்று. மருந்திட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் ஒரு நிமிடமேனும் அழுத்திப் பிடித்தல் வேண்டும். வழிந்ததைத் துடைத்துவிடல் வேண்டும். குருதியிற் சேரும் அளவு இதனாற் குறையும்.

குளுக்கோமாவால் இழந்த பார்வை மீளாது. ஆகவே மருந்தைத் தாமாகவே கைவிடுவதும் தவறு. பாலூட்டுவதை வைத்தியரிடம் முதலிலேயே கூறி, பொருத்தமான மருந்தைப் பெறுவதே தாய்க்கும் சேய்க்கும் நலம். சிசு வழக்கத்துக்கு மாறாக அயர்ந்து உறங்கினாலோ, பால் அருந்த மறுத்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.